மாட்டுக்கொம்பு ஹேண்டில்பார்

என் நைனாவுக்கு,

நீங்க இருக்கிற இடத்தில் காற்று வருதா? எடுத்த எடுப்பில் இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. உங்க ஸ்கூட்டருக்கு ஏன் அப்படி ஒரு ஹேண்டில்பார் என்று ஊரே கேட்டபோது, எல்லாருக்கும் நீங்க கொடுத்தது ஒரே பதில்தான். "காத்து நல்லா வருது."

முதலில் வீட்டுச் சேதி. ரைஸ் மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்க அப்படியே போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். எதிர் வீட்டில் டிவி வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்கப் போகிறவள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்று பாதியில் எழுந்து வந்துவிடுகிறாள். கடைசியில் என்ன ஆச்சு என்று மறுநாள் காலையில் போய்க் கேட்டுக்கொள்கிறாள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது நைனா. செஞ்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுக்கிறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடியும். ஆனால் அதற்கப்புறம் பஸ் பிடித்துத் தொண்டூர் வந்து சேரும்போது இருட்டிவிடுகிறது. ஜைனர் வீட்டில் பிறந்துவிட்டு விளக்கு வைத்த பிறகு சாப்பிட முடியுமா? முதல் மாசம் முழுக்க ராத்திரி வெறும் வயிறுதான். என் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அம்மா சொன்னாள், "நீ சம்பாதிச்சிப் போட்டு இன்னா ஆவப்போவுது? வேலய வுட்டுடு."

விடுவதாக இல்லை. போலியோ வந்த காலை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை அது. மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த உங்க ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். கிக்கர் வலது பக்கம், பிரேக்கும் வலது காலில். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி. என் இடது காலுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டு, களத்துமேட்டில் ஓட்டிப் பழகினேன். அம்மா பின்னாலேயே முறத்தோடு ஓடி வந்தாள். முறம் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஓட்ட வந்துவிட்டது. தோள்தான் ஒத்துழைக்கவில்லை. உங்களுக்கே எட்டாத அந்த ஹேண்டில்பார் எனக்கு எப்படி எட்டும்? அகலமாக விரிந்து, மேலே எழும்பி, மாட்டுக்கொம்பு போலப் பின்னால் வளைந்த பைப். கொடியில் போட்ட துணி மாதிரி ரெண்டு கையும் மேலேயே தொங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு வாரத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. டைப் அடிக்கிறவளுக்குக் கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? ஒன்று ஹேண்டில்பாரை மாற்ற வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும் என்று ஆகிவிட்டது.

மாற்றுவதற்கு முன்னால் காரணம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நீங்க காரணமில்லாமல் ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றி அடிக்காத மனுஷன். கம்பெனியில் வந்த ஒழுங்கான ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, ஊர் சிரிக்கிற மாதிரி இதை எதற்கு மாட்டினீங்க?

அம்மாவைக் கேட்டேன். "எல்லாம் ஸ்டைலுதான். நாப்பது வயசுல வந்துச்சு அந்தக் கிறுக்கு. தெனம் சாயங்காலம் தோளுக்கு எண்ண தேச்சி வுட்டவ நானு. கழட்டிப் போடுன்னா கேட்டாரா?" என்றாள். மில்லில் உங்களோடு இருந்த கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். "தொப்ப இடிச்சிருக்கும்மா, வெளிய சொல்ல வெக்கம்" என்றார். உங்களுக்கு ஏது தொப்பை? இடுப்பில் வேட்டி நிற்கவே பெல்ட் போட்ட ஆளாயிற்றே நீங்க.

கடைசியில் வண்டியை நேராகக் காதர் பாய் ஒர்க் ஷாப்புக்கே ஓட்டிக்கொண்டு போனேன். மாட்டியவர் அவர்தானே. செஞ்சியில் உங்க வண்டியை வேறு யார் கை தொட்டாலும் உங்களுக்குப் பிடிக்காது.

"வா ராஜி. இன்னா, கொம்பு முட்டுதா?" என்றார்.

"தோள் விட்டுப் போவுது பாய். இறக்கி வச்சுக் குடுங்க."

அவர் உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்தால், உங்க வண்டியின் பழைய ஹேண்டில். லைட்டு மூடியில் நான் சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்து அப்படியே இருந்தது. அரை நாள் வேலை. கொம்பை இறக்கி, நீளமாகப் போட்டிருந்த கேபிள்களையெல்லாம் உருவி, அளவாக வேறு போட்டு, பழசை மாட்டினார். ஏறி உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். முழங்கை தானாக மடிந்தது. தோள் இறங்கியது. பெஞ்சில் கை வைத்த மாதிரி இருந்தது நைனா.

"இவ்ளோ சுகமா இருந்ததக் கழட்டிட்டு எதுக்கு பாய் அத மாட்டினாரு?" என்று கேட்டேன்.

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மெய்யாலுமே தெரியாதா உனக்கு? அளவு எடுத்ததே உன்னத்தானம்மா."

அளவு. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பின் சீட்டில் உட்கார்ந்தால் பலமில்லாத கால் நழுவித் தொங்கும். ஒரு தரம் ரோட்டில் இழுபட்டு விரலெல்லாம் தேய்ந்து போனதிலிருந்து, உங்களுக்கு முன்னால் இருக்கிற குட்டி சீட்டில்தான் என்னை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனீங்க. அரைப் பரீட்சை லீவில் ஒரு நாள் என்னைக் காதர் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குட்டி சீட்டில் உட்காரச் சொன்னீங்க. பாய் டேப்பை எடுத்து என் முட்டி எவ்வளவு உயரம், தோள் எவ்வளவு அகலம், தலை எங்கே வருகிறது என்று டெய்லர் மாதிரி அளந்தார். நீங்க சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டீங்க.

எனக்குப் புதுக் காலிப்பர் செய்யப் போகிறீங்க என்று நினைத்துக்கொண்டேன். காலில் மாட்டுகிற அந்த இரும்புச் சட்டமும் ஷூவும் அப்போது எனக்குச் சின்னதாகிப்போய்க் கடித்துக்கொண்டிருந்தன. இரும்பு வேலை செய்கிறவரிடம் என்னை அளந்தால் நான் வேறு என்ன நினைப்பேன்? வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கறுப்பு ஷூ வேண்டாம், பிரவுன் கேட்க வேண்டும் என்று மனசில் வேறு வைத்திருந்தேன்.

வந்தது மாட்டுக்கொம்பு. என்னை அளந்துவிட்டுத் தனக்குச் செய்துகொண்டாரே என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டேனா? உம்மென்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சிரித்தது ஒரு சாக்கு. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்க என்று அடம் பிடித்துப் போய்விட்டேன். அந்தக் கொம்புக்கு நடுவில் நான் உட்கார்ந்து வந்தது ரெண்டு வாரம்கூட இருக்காது.

காதர் பாய் சொன்னார். "நீ வளந்துட்ட. வளைவுல திரும்புனா கைப்பிடி உன் முட்டில இடிக்கும், அவரு முழங்கை உன் காதுல இடிக்கும். பொண்ணு மூஞ்சி சுளிக்குது பாய், அவளுக்கு எடம் வுட்டு ஒண்ணு வளச்சிக் குடுன்னாரு. உங்களுக்குத் தோளு போயிடும் நயினாருன்னேன். என் தோளு கெடக்குதுன்னுட்டாரு."

காற்று வருது என்றீங்களே, அது எனக்கா? அதற்கு முன்னால் உங்க ரெண்டு கைக்கும் நடுவில் மூச்சு முட்ட வந்தவள், அந்த ரெண்டு வாரம் செஞ்சிக் கோட்டை மலை மொத்தமும் தெரியத் தெரிய வந்தேன். அது நிஜம். கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"நீ ஹாஸ்டல் போனப்பறம் பழசையே போட்டுடவான்னு கேட்டேன்" என்றார் பாய். "லீவுக்கு வருவா இல்ல, இருக்கட்டும்னாரு. ஒவ்வொரு லீவுக்கும் முன்னால வந்து அந்தக் குட்டி சீட்டு போல்ட்ட டைட் பண்ணிக்குனு போவாரு."

ஒரு லீவுக்கு நான் வந்தேன். நீங்க செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நின்றீங்க. நான் உங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தொண்டூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். நீங்க பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தீங்க. பக்கத்தில் இருந்த ஹாஸ்டல் தோழி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "யாருடி அது, மாட்டுக்கொம்பு வெச்ச வண்டி?" என்று கேட்டாள். "யாரோ, தெரியாது" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா? "சீட்டு கெடச்சுதாம்மா பஸ்ல?" அவ்வளவுதான். நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா நைனா? நான் கேட்கவில்லை, சரி. ஊருக்கெல்லாம் சொன்ன அந்தக் காற்றுக் கதையை எனக்கும் எதற்குச் சொன்னீங்க? என் முட்டி இடித்ததைச் சொன்னால் என் காலைப் பற்றிப் பேசிய மாதிரி ஆகிவிடும் என்று பயந்தீங்களா?

ஒர்க் ஷாப்பில் அழுதேன். பாய் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, அது வருகிற வரைக்கும் வேறு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இத பழைய இரும்புக்குப் போட்டுடவா?" என்று கொம்பைக் காட்டினார்.

வேண்டாம் என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. அதே சாக்கில் சுற்றி அதே மூலையில் வைக்கச் சொன்னேன். "எந்த நைனாவாவது பிள்ளைக்கு இடம் பத்தலன்னு வந்தா எடுத்துக் குடுங்க பாய். ஒண்ணு மட்டும். அளவு எடுக்கும்போதே எதுக்குன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிடுங்க."

அவர் தலையாட்டினார்.

மாற்றியதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று தெரியும். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதானே அதையும் மாட்டினீங்க. அன்றைக்குத் தோள் வலிக்காமல் வந்தேன். தொண்டூர் ஏரிக்கரையில் திரும்பும்போது கோட்டை மலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் மிச்சம் இருந்தது. அம்மா சோறு போட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மாற்றிய ஹேண்டிலைப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னேன். உள்ளே போய், உங்களுக்குத் தேய்த்துவிடுகிற எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் தோளில் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். வலியில்லை என்று சொன்னேன். கேட்கவில்லை.

இனிமேல் ஒரு நாளும் விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் நுழைய மாட்டேன் நைனா. யாராவது இது யார் வண்டி என்று கேட்டால், எங்க நைனா வண்டி என்று அவர்கள் கேட்டு முடிக்கும் முன்னால் சொல்லிவிடுவேன்.

முன் சீட்டில் வந்த
உங்க மகள்,
ராஜமதி