பாப்பாவின் பாத அளவு

அம்மாவுக்கு உன் மகள் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

செருப்பு வாங்கச் சொல்லி, பாப்பாவின் வலது காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பினாயே, அந்த அளவுக்குப் காலி பால் அட்டைப்பெட்டியில் ஓட்டை வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பாஞ்சில் சிவப்பு பெயிண்டைத் தொட்டு என் தலையணை உறையில் ஒற்றினேன். வலது பாதம் அச்சாக வந்தது. இடது பாதத்துக்கு அதே அட்டையைத் திருப்பிப் போட்டேன். ஈரத்தைத் துடைக்க மறந்ததால் பெயிண்ட் ஈஷிவிட்டது.

"என்னக்கா, உங்க பொண்ணு சேத்துல வழுக்கிட்டு வந்தாளா?" என்று கேட்டாள் என்னோடு அறையில் தங்கியிருக்கிற தையல்காரி.

"ஆமாடி, அவ எங்க நடந்தா? எப்பவும் ஓட்டம்தான்" என்றேன். இருவரும் சிரித்தோம். காய்ச்சலில் பாப்பா போய்விட்டதை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

உன் பழைய வெள்ளைச் சேலையில் ஒரு துண்டு அனுப்பு. இங்கே கிடைக்கிற வழவழப்பான துணியில் பெயிண்ட் பிடிப்பதில்லை.

வேலைக்குப் போகிற வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. வாங்கி வைத்திருந்த செருப்பை ஊருக்கு வருகிற டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எந்தப் பிள்ளை காலுக்குப் பொருந்துகிறதோ போட்டுவிடு. யாருக்குப் பொருந்தியது என்று மட்டும் எனக்கு எழுதாதே.

உன் மகள்