ஒரே குடையில் தைத்த இரண்டு உறைகள்

அந்தக் கறுப்பு உறையைக் கையில் எடுத்ததும் முதலில் நான் கவனித்தது, அதில் வழக்கமான மிளகாய் வத்தல் நெடி இல்லை என்பதைத்தான். உன்னை அடக்கம் செய்த மறுநாள் அது. நீ ஜன்னல் வழியே கொடுத்த புத்தகத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பழைய குடைத்துணி வாசம் மட்டும் வந்தது. உறையைப் பிரித்தேன்.

நாற்பது நாள் அதை என் பெட்டியிலேயே வைத்திருந்தேன். இன்று காலை எடுத்துப் பார்த்தால் அதிலும் லேசாக நெடி ஏறியிருக்கிறது. இனிமேலும் வைத்திருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். பாளையம்பட்டியில் அப்பாவின் வத்தல் மண்டிக்குப் பின்கட்டில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது என் வேலையாயிற்று. நீ டவுன் பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போனாய். வாயே திறக்காத என்னோடு ஒரே பெஞ்சில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் நீ. இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை.

நீ பத்தாவது போன வருஷம் உங்கள் பள்ளி நூலகத்தில் புதிதாக ஓர் அலமாரி வைத்தார்கள். பல தேசத்துக் கதைகள், தமிழில் பெயர்த்தவை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒன்று எடுக்கலாம். ஆட்களின் பேரை வாசிக்கவே வாய் வலிக்கிறது என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நீ வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றைத் தூக்கி வந்தாய். அதை என்னிடம் சேர்ப்பதுதான் பாடு. கதைப் புத்தகம் என்றால் என் அப்பாவுக்கு ஆகாது. உன் வீட்டிலோ பாடத்தையும் வேதத்தையும் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

அப்போதுதான் கம்பி ஒடிந்து கிடந்த உன் அப்பாவின் குடையைப் பிரித்து, அந்தத் துணியில் இரண்டு உறை தைத்தாய். ஒன்று உன் வேதப் புத்தகத்துக்கு. மற்றொன்று அந்தந்த வாரத்துக் கதைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீ தெருவில் வருவாய். பார்க்கிறவர்களுக்கு ஒன்று வேதம், மற்றது பாட்டுப் புத்தகம்.

ஒருநாள் அப்பா கேட்டுவிட்டார். "என்னம்மா புஸ்தகம் அது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ உறையைத் தடவியபடி சும்மா நின்றாய்.

"வேதப் புஸ்தகமா? சரி, சாமி சமாச்சாரந்தான, படிக்கட்டும். ஆனா இவ ஒங்க சர்ச்சுக்கு வந்து முட்டி மட்டும் போட்டுறக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார்.

"நான் பொய் சொல்லலடி. அவுகளாச் சொல்லிட்டாக" என்றாய் நீ.

ஞாயிறு முதல் புதன் வரை புத்தகம் என்னிடம் இருக்கும். பிறகு உன்னிடம். சாக்குக்கும் சாக்குக்கும் நடுவே உட்கார்ந்து, காம்பு கிள்ளிய விரலோடுதான் நான் பக்கம் புரட்டுவேன். "நீ தொட்ட பக்கமெல்லாம் எரியிதுடி. கண்ணுல தண்ணி தண்ணியா வருது. நான் வேதம் வாசிச்சு அழுறேன்னு எங்கம்மாவுக்கு ஒரே சந்தோசம்" என்று நீ ஒருமுறை சொன்னாய். சிரித்துச் சிரித்து நான் மிளகாயை எல்லாம் தரையில் கொட்டிவிட்டேன்.

பனி மூடிய ஊர்க் கதை வந்த வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? பனி எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நீ வெளியே ஓடி ஐஸ் வண்டிக்காரரிடம் ஒரு குச்சி ஐஸ் வாங்கி வந்தாய். மிளகாய் எரிச்சலில் காந்திப்போய்க் கிடந்த என் உள்ளங்கையில் அதை வைத்து அழுத்தினாய். "இதுதாண்டி பனி. ஊரு பூரா இப்படிக் கெடந்தா எப்படித்தான் நடப்பாகளோ." ஐஸ் கரைந்து முழங்கை வரை வழிந்தது. அன்றைக்கு நீயும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. என் கைதான் சாப்பிட்டது.

ஆப்பிரிக்கக் கதை ஒன்றில் உன் வயசுப் பெண் மூன்று மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறாள். குடத்தைத் தலையில் வைத்து, கையை விட்டுவிட்டு நடக்கிறாள். "இவ தண்ணிக்கு அலையிற நம்ம பந்தல்குடிக்காரிதாண்டி. பேர மட்டும் மாத்தி வச்சிருக்காக" என்றாய். அந்தப் பெண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. அவளுக்கும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதை வாசித்த பிறகு என்னைப் பற்றி நினைக்கும்போது முன்போல அவமானமாக இல்லை. இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் நீ என்னைக் கதை சொல்லச் சொல்வாய். நான் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். "ஒன் வாயத் தொறக்க வைக்கத்தான் நான் இத்தன தேசத்துக்குப் போக வேண்டியிருக்கு" என்பாய்.

கடைசிப் புத்தகம் ஆற்றங்கரைக் கதை. வருஷாவருஷம் வெள்ளம் வந்து கரையைத் தின்னும் ஊர். ஒரு பெண் தன் வீட்டுக் கதவைக் கழற்றிப் படகில் ஏற்றுகிறாள். எந்தக் கரையில் ஒதுங்கினாலும் அந்தக் கதவை நட்டுவைத்துத்தான் புது வீடு கட்டுவாள். நீ முதல் சில பக்கங்களைப் பார்த்துவிட்டு, "தண்ணி வந்துருச்சுன்னு ஓடுறாகளாம். நம்ம ஊருக்கு வரச் சொல்லுடி, நிம்மதியா இருக்கட்டும்" என்றாய். நான் முடித்துவிட்டுக் கொடுத்தபோது, "முடிவு மட்டும் சொல்லிறாத, பேச மாட்டேன்" என்றாய். இருவருமே சிரித்தோம்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். சனிக்கிழமை உன் வீட்டு ஜன்னலோரம் வந்து நின்றேன். "பாதிலதாண்டி நிக்கிது. கண்ணத் தொறந்து படிக்க முடியல. அம்மா கண்ணுல பட்டா வம்பு. நீ வச்சிரு, எந்திரிச்சு வாங்கிக்கிறேன்" என்று கம்பிகளுக்கு நடுவே நீட்டினாய். உன் விரல் என் கையைவிடச் சூடாக இருந்தது. வாங்கி மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பெட்டியில் போட்டேன். நீ எழுந்து வருவாய் என்று அதைத் திறக்கவே இல்லை.

காய்ச்சல்காரரின் தலையணைக்கு அடியில் வேதம் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். காய்ச்சல் ஏறிய அன்று, உன் படுக்கையில் கிடந்த கறுப்புப் புத்தகத்தை உன் அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சவப்பெட்டியில் உன்னைக் கிடத்தியபோது அதையே எடுத்து உன் நெஞ்சில் வைத்து, உன் இரண்டு கையையும் அதன்மேல் சேர்த்தார்கள். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நெடி இல்லாத உறையைப் பிரித்து, உள்ளே உன் கையெழுத்தில் உன் பேரையும் ஞானஸ்நானம் பெற்ற நாளையும் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேதம் என்னிடம் இருந்தது. ஆற்றங்கரைக் கதை உன்னோடு போய்விட்டது.

யாரிடம் சொல்ல? துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் உன் அம்மா, "வேதம் அவ நெஞ்சுல இருக்கு. அது போதும் எனக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் எழுந்து நடமாடினார்கள். அதைப் பிடுங்க எனக்கு எப்படி வாய் வரும்?

போன வாரம் பள்ளியிலிருந்து ஆள் வந்து, நீ எடுத்த புத்தகம் திரும்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். திருப்பாதவர் பட்டியலில் உன் பேர் இருக்கிறதாம். உன் அம்மா வீட்டையே கவிழ்த்துத் தேடினார்கள். "எம்புள்ள அடுத்தவுக பொருளத் தொலைக்கிறவ இல்ல" என்று தெருவில் நின்று அழுததை, மண்டிக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். நான் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் உன் பேர் அந்தப் பட்டியலில் இருக்கும்.

இன்று மத்தியானம் போனேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். "வா தாயி, என்ன கையில?" என்றார்கள். நான் அதை அவர்கள் மடியில் வைத்தேன். திறந்து, உன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

"இது அவ வேதமில்ல?"

"ஆமா சித்தி. எனக்கு மாத்திக் குடுத்துட்டா. பள்ளிக்கூடத்துப் புஸ்தகந்தான் அவகிட்ட இருக்கு. ரெண்டுக்கும் ஒரே உறை. நானுந்தான் படிச்சேன். பள்ளிக்கூடத்துலயும் நானே வந்து சொல்றேன்." இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

முறத்தைத் தள்ளி வைத்தார்கள். ஒரு கோழி வந்து முறத்தில் கொத்தியது. அதைக்கூட விரட்டவில்லை.

"அது என்ன புஸ்தகம்?"

"வெளிநாட்டுக் கத, சித்தி."

"கெட்ட கதையா?"

"இல்ல. வெள்ளத்துக்குத் தப்பிப் போற ஒரு பொம்பளையோட கத."

"அவ முழுசும் படிச்சிட்டாளா?"

"பாதிதான்."

உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "அப்ப முழுசும் சொல்லு. அவ கையில என்ன வச்சு அனுப்புனேன்னு நான் தெரிஞ்சிக்கிறேன்."

நான் கோழியை விரட்டிவிட்டு, அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பெண் கதவைக் கழற்றுகிற இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.