நீ ஏறிய மலையை என் பெயரில் எழுதினேன்

ஜெயந்தி, என் தங்கமே,

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். இனி உனக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? நானே சொல்லிவிடுகிறேன்.

சார்ட்டர்ட் இன்ஜினியர் என்கிறார்களே, அந்தப் பட்டயப் பொறியியலாளர் ஆக விண்ணப்பித்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பிப்போம் என்று பேசிக்கொண்டிருந்தோமே, அதற்குத்தான். இதில் பரீட்சைத் தாள் கிடையாது. இத்தனை வருஷத்தில் என்ன வேலை செய்தாய், எந்த முடிவை நீயாக எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று அறிக்கை எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். பிறகு மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்து, எழுதிய ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எதை எழுதுவது என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வந்தது, கேகாலைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கட்டிய சுவர்தான். மண் சரிந்து லயத்தின் மேல் விழாமல் தாங்க வேண்டிய சுவர்.

அளவெடுக்கப் போன அன்றைக்கு நல்ல மழை. நான் வேனை விட்டு இறங்கவே இல்லை. நீ குடையையும் வேனிலேயே போட்டுவிட்டு மலைப் பக்கம் நடந்தாய்.

"சுவத்தக் கட்டச் சொன்னா கட்டிட்டுப் போவமேடி. மேல ஒனக்கென்ன வேல?" என்று கத்தினேன்.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வந்துர்றேன். நீ இரு."

ஒரு மணி நேரம் கழித்து, அட்டை கடித்த காலில் ரத்தம் வழிய இறங்கி வந்தாய். "அந்தக் காலத்துல வெட்டுன கான் ஒண்ணு மண்ணு மூடிக் கெடக்குடி. அதுல ஓட வேண்டிய தண்ணியெல்லாம் நேரா லயத்துக்குப் பின்னால எறங்குது. மொதல்ல அதத் திருப்பணும். அப்புறந்தான் சுவரு."

அந்த வாரமே வரைபடத்தை மாற்றிப் போட்டாய். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது காலம் கடந்திருந்தது. அந்த மலைச் சேற்றிலா தொற்றியது, அதற்குப் பிறகு நீ வெள்ளத்தில் இறங்கி நடந்தாயே, அதிலா? டாக்டரால் சொல்ல முடியவில்லை. நான் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீ போட்ட வரைபடத்தை வைத்துத்தான் சுவரைக் கட்டி முடித்தேன். ஆனால் அறிக்கையில், "மேல் சரிவை ஆராய்ந்து, நீரோட்டத்தைத் திருப்ப நான் தீர்மானித்தேன்" என்று எழுதினேன்.

எழுதுவதற்கு முன்னால் நம் பெரிய இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் தங்கச்சியிடம் பேசுவதுபோல் சிங்களத்தில் சொன்னார்: "அந்தப் பிள்ளை இப்போது இல்லையே, நங்கி. வேலையை முடித்தது நீதானே? எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்." நல்ல மனதோடுதான் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் அன்றைக்கே மறுத்திருப்பேனோ என்னவோ.

ரம்புக்கனையில் ரயில் ஏறினேன். கொழும்பு போய்ச் சேர்வதற்குள் அறிக்கையை மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் அந்த வரி வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேர்முகத்தில் இரண்டு ஆண்களும் ஒரு அம்மையாரும் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு அந்த அம்மையார் பக்கத்தைத் திருப்பி, "அந்த மழையில் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது? கீழே எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

கீழே எதைப் பார்த்தாய் ஜெயந்தி? தண்ணீரின் நிறத்தையா, லயத்துச் சுவரில் இருந்த ஈரத்தையா? நான் உன்னிடம் கேட்கவே இல்லையே.

"மேலே ஏறியது நான் இல்லை," என்றேன். "என் தோழி. அவர் இப்போது உயிரோடு இல்லை."

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது யாருடைய முகத்திலும் கோபம் இல்லை. அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்க முடியாது, மிச்சம் இருப்பது போதாது, இன்னும் ஒரு வருஷம் பொறுப்போடு வேலை செய்துவிட்டு நீங்களே எடுத்த முடிவுகளை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மேலதிகாரியும் திருத்தக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். எழுந்தபோது அந்த அம்மையார் உன் பெயரைக் கேட்டார். முழுப் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டாரா என்று பார்க்காமலே வந்துவிட்டேன்.

பெரிய இன்ஜினியர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கும்தான் வெட்கமாக இருக்கிறது, நங்கி," என்று சொல்லிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அவ இருந்தா, எழுதிக்கடின்னுதான் சொல்லியிருப்பா," என்று திட்டினார்.

"அவ இருந்திருந்தா அவளே எழுதியிருப்பாம்மா."

வாய் தவறி வந்துவிட்டது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

கந்தோரில் கூட வேலை செய்கிற சிலர் என்னை நேர்மையானவள் என்கிறார்கள். அதைக் கேட்டால் இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? அந்த அம்மையார் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால், நானும் பட்டயத்தோடு வீட்டுக்கு வந்திருப்பேனோ? தெரியவில்லையடி. வேலைக்கு நடுவில் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். மறுபடி உள்ளே வந்து உட்காருகிறேன்.

போன மாதம் விடாமல் பெய்தது. நீ சொன்ன இடத்தில் திருப்பிவிட்ட தண்ணீர் லயத்தைத் தொடாமல் ஆற்றுக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் அப்படி மழை பெய்தால் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவார்களே, இந்தத் தரம் ஒரு வீட்டுக்காரரும் போகவில்லை. உனக்குச் சொல்வதற்கு நல்ல சேதி என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

அந்தச் சுவரின் கோப்பில் வடிவமைத்தவர் என்று என் பெயர் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு உன் பெயரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடித்துவிட்ட கோப்பைத் திறக்க முடியாது என்கிறார்கள். திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். அடுத்த வாரம் கித்துல்கலப் பக்கம் ஒரு சரிவை என் பொறுப்பில் விடுகிறார்கள். அங்கே நான் செய்வது சரியோ தப்போ, அடுத்த அறிக்கையில் அதைத்தான் எழுதுவேன். உன்னுடையது அதில் ஒரு வரிகூட இருக்காது. இது சத்தியம்.

மூன்று மாதம் மூத்தவளாக இருந்தும் நீ ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாத,
உன் அக்கா
சுமதி