இறங்கித் தள்ளவும்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான், ஆனால் கோபத்தில் இருக்கிறேன். நூலகத்திலிருந்து வேதியியல் கட்டடத்துக்குப் போகும் நடைபாதையில் போன மாதம் ஒரு மாணவன் சைக்கிளில் வந்து பேராசிரியர் மேல் மோதிவிட்டான். உடனே பலகை வைத்துவிட்டார்கள்: ‘சக்கர வண்டியில் வருவோர் இறங்கித் தள்ளவும்.’

காவலாளி என் மோட்டார் சக்கர நாற்காலியையும் நிறுத்திவிட்டார். “இறங்க முடிஞ்சா நான் ஏண்ணே இதுல வர்றேன்?” என்று கேட்டேன். “சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்கிறார். சுற்றிப் போனால், நான் போவதற்குள் ஆய்வகக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு தடவை தவறினால் தேர்வு எழுத முடியாது. புகார் கொடுத்தால் “பார்க்கலாம்” என்கிறார்கள். எதைப் பார்ப்பார்களோ, தெரியவில்லை.

உங்கள் வாலு

பிப்ரவரி 8

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. அவ்வளவு தூரம் போய்ப் படிக்க வேண்டாம் என்று அப்போதே நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், நீயும் அம்மாவும் சேர்ந்து என் வாயை அடைத்தீர்கள். போதும்மா. வேறு ஏதாவது வீட்டிலிருந்தே படிக்கலாம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசிவிட்டேன். பெட்டியைக் கட்டி வை. நீ விழுந்தால் தூக்கிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

அப்பா

பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

பெட்டி கட்டவில்லை.

இன்று வகுப்புக்கு வெகு முன்னாலேயே கிளம்பி, காவலாளி ஓடிவந்து மறிப்பதற்குள் நடைபாதையின் நட்டநடுவில் போய் மோட்டாரை அணைத்தேன். “ஓட்டக் கூடாது, ஓட்டல. தள்ளணும்ல, தள்ளுங்கண்ணே” என்றேன். பாவம், காவலாளி மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். பிரேக் போட்ட நாற்காலி அசையுமா? பின்னால் சைக்கிள்காரர்கள் மணியடிக்கத் தொடங்கினார்கள். வரிசை நூலகம் வரை போய்விட்டது. அதில் துணைவேந்தரும் மாட்டிக்கொண்டார். அவர் தினமும் சைக்கிளில்தான் வருவார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். “இந்தப் பொண்ண எதுக்குப்பா நிறுத்தி வெச்சிருக்க?”

“சட்டம் ஐயா.”

“யார் போட்ட சட்டம்?”

“நீங்கதான்யா கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு தானும் சிரித்துவிட்டு, பலகையை அங்கேயே கழற்றச் சொன்னார். மதியத்துக்குள் வெள்ளைக் கோடு போட்டுச் சக்கரங்களுக்கென்று தனித் தடம் பிரித்தாயிற்று.

ஆய்வகத்துக்கு முதல் ஆளாகப் போனேன் அப்பா. கர்வமாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விழுந்தால் நாலு பேரைக் கூப்பிட எனக்குத் தெரியும்.

வாலு

பிப்ரவரி 18

அன்பு வாலுவுக்கு,

வேன்காரரிடம் சொல்லிவிட்டேன். “ஏன் சார், பொண்ணு வரலியா?” என்றார். “வராது, அங்க அதுக்குத் தலைக்கு மேல வேலை” என்றேன். பல்லெல்லாம் தெரியச் சொன்னேனாம், அம்மா கேலி செய்கிறாள். கதை தெரு முழுக்கப் போய்விட்டது. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் நீ துணைவேந்தரின் வேலையையே பறித்துவிட்டாய். நான் திருத்தவில்லை.

உன் அறையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். விடுமுறைக்கு வந்தால் உனக்குக் கூடத்தில்தான் படுக்கை. விருந்தாளிகளை அங்கேதான் படுக்க வைப்போம்.

அப்பா