தாடை மூட்டுக்கு ஒரு சாட்சி

அம்மா வீட்டில் இருக்கும் உனக்கு,

ஒரு நல்ல செய்தி. பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து காதோரம் தாடை மூட்டு வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடம், மெத்தென்ற சாப்பாடு, வாயை அகலத் திறக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. இனி நம் சண்டைகளில் நீயே ஜெயிக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

"தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களா?"

"தூங்குறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பக்கத்துல படுக்கிறவங்களைக் கேட்டுச் சொல்லுங்க சார். அதை வச்சுத்தான் வைத்தியம்."

துள்ளிக்கொண்டு வீடு வந்தேன். உன்னைக் கூப்பிடக் காரணம் கிடைக்காமல் இத்தனை நாள் தவித்தேன். இப்போது டாக்டரே கேட்கிறார். வந்து, காது கொடுத்துக் கேட்டுச் சொல். ஒரு ராத்திரி போதாதாம். இது மட்டும் நானாகச் சேர்த்தது.

உன் தலையணைக்கு உறை மாற்றிவிட்டேன்.

வாயைத் திறக்காத,
உன் கணவன்