மலைக்கு மட்டும் எடுத்த வழக்கம்

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்களிடம் சொல்ல நல்ல சேதிகள் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். உங்கள் பேத்தி சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டாள். பூ மார்க்கெட்டில் நம் கடையைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். உங்களைப் போலவே வியாபாரிகளிடம் கத்துகிறான், உங்களைப் போலவே ஒரு டீ குடிப்பதற்குள் சமாதானமாகியும் விடுகிறான். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இன்றைக்கு ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறைக்கு எங்காவது குளிர்ச்சியான இடத்துக்குப் போகலாம் என்று உங்கள் மருமகனும் அவருடைய கூட்டாளியும் பேச ஆரம்பித்தார்கள். கொடைக்கானலுக்கும் மேலே, மன்னவனூர் பக்கம், ஏரிக்கரையில் மரத்தாலேயே கட்டிய காட்டேஜ்கள் வாடகைக்குக் கிடைக்கின்றனவாம். நாமே சமைத்துக்கொள்ளலாம். வெளியே நெருப்பு மூட்டிக் குளிர்காயலாம். ஏரியைச் சுற்றிப் பைன் மரங்களுக்கு நடுவே நடந்து போக ஒரு பாதையும் உண்டு. சங்கரன்கோவில் வெயிலில் வெந்துகொண்டு இதைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

திட்டம் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாயங்காலமானால் போனைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நம் வீட்டுக்கு ஓடிவிடுவேன். அம்மா பிச்சிப்பூ கட்டிக்கொண்டே படங்களை எட்டிப் பார்ப்பாள்.

"மரவீட்டுக்குள்ள எப்படிட்டி அடுப்பு பத்த வைப்பாக?" என்று கேட்டாள். கேஸ் அடுப்பு இருக்கிறது என்றேன். "அப்ப தோசை மாவு அரைச்சுக் கொண்டு போயிரலாம். அந்தக் குளிர்ல சீக்கிரம் புளிக்காது" என்றாள். சரி என்றேன். இட்லிப் பொடி, புளியோதரை, பிள்ளைகளுக்குக் கை முறுக்கு என்று அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அவளுடைய மாவும் பொடியும் எங்களோடு மலைக்கு வரும் என்று முடிவாகிவிட்டது. அவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இல்லை அப்பா, உங்களிடம் எதற்குப் பொய்? தோன்றியது. தோன்றியதை அப்படியே அமுக்கிவிட்டேன்.

போன வாரம் தெற்கு ரத வீதியில் ஸ்கூட்டியில் போகும்போது அம்மா எதிரே வந்தாள். சேலைக்குக் கீழே புத்தம்புது வெள்ளை கேன்வாஸ் ஷூ. முகமெல்லாம் வியர்வை. வண்டியை நிறுத்தி, "என்னம்மா இது வேஷம்?" என்று சிரித்தேன்.

"ஏரியச் சுத்தி நடக்கணும்லா. எனக்கு நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்குது. அதான் நடந்து பழகுதேன்" என்றாள். உங்கள் அம்மன் கொடிக்கு அவ்வளவு சந்தோஷம். (நீங்கள் அவளை அப்படித்தானே கேலி செய்வீர்கள், கொடியேற்றத்துக்கு முன்னால் ரத வீதி சுற்றி வரும் கோயில் கொடி மாதிரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று அவள் நடக்கும்போது?)

அவளும் வருவதை நான் விரும்பவில்லை. காட்டேஜில் இடம் நெருக்கடிதான், ஆனால் காரணம் அது இல்லை. இரண்டு நாள் நான் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்றிருந்தது. அம்மா வந்தால் நீங்கள் இல்லாததும் கூடவே வரும். கூட்டாளி வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் முகத்தைப் பார்ப்பேன். இதை எப்படி அவளிடம் சொல்வது? அதனால் கைக்கு எட்டியதை எடுத்து வீசினேன்.

"அம்மா, அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பலையே. நீ மலை ஏறக் கூடாதுல்லா? நான் கட்டிக் குடுத்த பிள்ள, எனக்கு அது கெடையாது."

அம்மா குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். "ஆமால்லா. எனக்குத்தான் கிறுக்கு. மறந்தே போச்சு பாத்துக்க" என்றாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைச் சொன்னது யார் அப்பா? உங்கள் பதினாறாம் நாளன்று அம்மாவின் பொட்டையும் பூவையும் எடுக்க வந்தவர்களை வாசலில் மறித்து நின்றவள். "ஊரு பொம்பளைக்கெல்லாம் பூ குடுத்தவன் நான். நான் போன பொறவு எம் பொண்டாட்டி நெத்தியிலயும் தலையிலயும் எவளும் கை வைக்கப்படாது, நீதான் பாத்துக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்களே. அதைத்தான் அன்று செய்தேன். "ஏட்டி கோமு, ஊரு வழக்கத்த நீ மாத்தப் போறியாக்கும்?" என்று அத்தை ஏசினாள். "ஆமா, மாத்தத்தான் போறேன்" என்றேன். அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா?

மறுநாள் மாவுக்கு அரிசி கொடுக்க வீட்டுக்குப் போனேன். அம்மா நெற்றியில் பொட்டு இல்லை. தலையில் பூ இல்லை. அவள் கட்டிய சரம் எல்லாம் கூடையிலேயே கிடந்தது.

"ஏம்மா பொட்டு வைக்கல?"

"நீதான சொன்ன."

"நான் மலையைத்தானம்மா சொன்னேன்."

"மலைக்கு ஒரு வழக்கம், பொட்டுக்கு ஒரு வழக்கமா? அன்னைக்கு உங்க அத்தை அவ்வளவு பேசுனப்பவும் நான் உன்னையத்தான நம்புனேன். இப்ப நீயே கூடாதுன்னு சொல்லுத. அப்ப எல்லாந்தான கூடாது?" கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்தால் சிரிக்க முடியாதென்று நினைத்தேன், அதனால்தான் வழக்கத்தைச் சொன்னேன் என்று அழுதேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ வர வேண்டாம்னு சொல்லியிருந்தா ரெண்டு ஏச்சு ஏசிட்டு மாவரைச்சுக் குடுத்திருப்பேன்லா. வழக்கம்னு சொல்லிட்ட. அதுக்கு நான் யார்ட்டப் போயி எதிர்த்துப் பேச?"

நீங்கள் என்மேல் போட்டிருந்த நம்பிக்கையை நினைத்தால் உங்கள் போட்டோவை நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது. அத்தைக்காவது அது வழக்கம் என்ற நம்பிக்கை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

உங்கள் மருமகனிடம் சொன்னேன். அவர் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் காட்டேஜையும் கேட்டு வாங்கிவிட்டார். கூட்டாளியின் மனைவி, "அம்மா வந்தா நல்லதுதானக்கா, புளியோதரைய மட்டும் அனுப்பிட்டு அவங்கள விட்டுட்டுப் போறதா?" என்று கேட்டுவிட்டாள். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. ஷூவைத் துவைத்து மாடியில் காய வைத்திருந்தாள். எடுத்து உள்ளே வைக்கத்தானா, போட்டுக்கொள்ளவா, தெரியவில்லை.

இன்று காலை அவளே வீடியோ காலில் கூப்பிட்டாள். எப்போதும் போலப் போனைச் சாய்த்துப் பிடித்ததில் மின்விசிறியும் அவளுடைய உச்சந்தலையும்தான் தெரிந்தன.

"ஏட்டி, அந்த ஏரிக்காட்டுல அட்டை கடிக்குமாம்லா? உப்பு கொண்டு போணுமோ?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழாத. வாரேன்னு நான் சொல்லல. கேக்கேன், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள். அவள் நெற்றி கடைசி வரை தெரியவில்லை அப்பா. போனைக் கொஞ்சம் கீழே இறக்கும்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா வராமல் நான் மலை ஏற மாட்டேன். என் வசதிக்காக இனி எந்த வழக்கத்தையும் அவள் முன்னால் எடுத்து வைக்க மாட்டேன். பொட்டு வை என்று அவளை நச்சரிக்கவும் மாட்டேன். வைக்கச் சொன்னதும் நான்தான், எடுக்க வைத்ததும் நான்தான். இனிமேலாவது அந்த நெற்றியை அவளுக்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் சொல்லைக் காப்பாற்றிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த
உங்கள் மகள்,
கோமதி