உடையப்பன் கட்டாத மூன்று மாசம்

மூங்கில் தோட்டம், லகாட்
5.6.1927

தங்கச்சி இருளாயிக்கு, அப்பாவு அண்ணன் சொல்ல, தோட்டத்துக் கணக்கெழுதும் கெராணி ஐயா எழுதுவது.

பத்து காஜா ஊரில் நீயும் மகளும் சுகந்தானே? இங்கேயிருந்து போய் ஆறு வருசமாச்சு, ஒருநாள் எட்டிப் பார்க்கக் கூடாதா? மாசம் பத்துக் காசு வாங்கி, செத்தவர் காரியத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி தருகிற நம்ம சாவுச் சங்கத்தைச் சர்க்காரில் பதியப் போகிறோம். பதினாலு வருசக் கணக்கும் எழுத்தறியாத என் தலைக்குள்ளேதானே இருக்கு? நான் சொல்லச் சொல்ல ஐயா புத்தகத்தில் ஏற்றுகிறார். நாற்பத்தொரு பேரில் தொடங்கியது, இன்று இருநூறு பேர்.

பன்னிரண்டு வெள்ளி மணியார்டர் வரும். உன் புருசன் உடையப்பன் காரியத்துக்குச் சங்கம் தந்திருக்க வேண்டியது. காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்.

அப்பாவு

பத்து காஜா
14.6.1927

அண்ணனுக்கு இருளாயி கும்பிடு. மக எழுதுறா.

கேக்காம எப்படி வாங்குறது? ரப்பர் விலை விழுந்த வருசம், "மூணு மாசம் பத்துக் காசு கட்டலே, சங்கம் ஒண்ணும் தராது"ன்னு வாசல்ல நின்னு சொன்னது நீங்கதானே? கோணிச் சாக்குல சுத்தித்தானே அவரைப் புதைச்சோம்? உங்களை நான் குறை சொன்னதில்லே. காசைக் கள்ளுக்கடையில விட்டாரேன்னு செத்த மனுசனைத்தான் இன்னிக்கும் திட்டுறேன். இது சங்கத்துப் பணமா, உங்க பணமா?

தங்கச்சி இருளாயி

மூங்கில் தோட்டம்
20.6.1927

தங்கச்சி,

என் பணம்.

உடையப்பன் கட்டாதது மூணு மாசம். அதே வருசம் நான் கட்டாதது அஞ்சு மாசம். லயத்தில் வீடு வீடாக வசூலித்தவன், என் பங்கை மட்டும் போடவில்லை. யாருக்குத் தெரியும்? உடையப்பன் போன நாற்பதாம் நாள் என் பெண்சாதி செல்லாயி போனாள். சங்கத்துப் பன்னிரண்டு வெள்ளியை எடுத்தேன். பாடை கட்டி, தப்படித்து அனுப்பினேன். அவளைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்டிவிட்டது நீ. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர்ப் பீலியடியில் போய் நின்றேன்.

ஐயா தலை நிமிராமல் எழுதுகிறார். புத்தகத்தில் என் அஞ்சு மாச இடம் மட்டும் வெறுமையாக இருக்கு. மூணாந்தேதி சங்கக் கூட்டம். ஒரு காசு தவறாத மனுசன் என்று எனக்கு மாலை போடப் போகிறார்களாம். உள்ளதை எழுதச் சொல்லட்டுமா? நீ சொல்கிறபடி.

அப்பாவு

பத்து காஜா
28.6.1927

அப்பாவு அவர்களுக்கு,

பணத்தைத் திருப்பிட்டேன். செல்லாயி அக்கா நல்லபடியாப் போச்சு, அதுல எனக்கு வருத்தமில்லே.

எழுதட்டுமான்னு என்கிட்டே கேக்குறீங்க. அன்னிக்கு வாசல்ல நின்னப்ப யாரைக் கேட்டீங்க? நான் சொல்லி நீங்க எழுதினா, அந்தப் பாரமும் எனக்குத்தான் வரும்.

இனிமே கடுதாசி போட வேண்டாம்.

நேத்து விளக்கேத்தி அவர்கிட்டே மன்னிப்புக் கேட்டேன், ஆறு வருசம் திட்டினதுக்கு. உங்களுக்காகக் கேக்கலே.

இருளாயி